கோத்தகிரியில் 32 அடிப் பாத்தி: சால்வியா எத்தனை மாதம் பூக்கும்?

"மே மாசம் நாற்பது தொட்டி வாங்கி வெச்சேன். இப்போ வந்து பாருங்க, நாற்பதும் குச்சி."

ஜூலை மாதம் ஒரு காலையில் கோத்தகிரியிலிருந்து வந்த போன் இது. பேசியவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. வீட்டில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறார். கேட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது வண்டிப் பாதையோரத்துப் பாத்தி: 32 அடி நீளம், 5 அடி அகலம். வருஷம் முழுக்க அதில் ஏதாவது பூத்திருக்க வேண்டும், அதுதான் அவருடைய கோரிக்கை. கூடவே இரண்டு நிபந்தனைகள். அடிக்கடி செடி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மார்ச் முதல் மே வரை தண்ணீர் லாரியை நம்பும் வீடு என்பதால் தினமும் தண்ணீர் விடவும் முடியாது.

தோட்ட வேலைக்குப் போகிற இடமெல்லாம் "எப்பவும் பூக்கிற மாதிரி ஏதாவது வைங்க" என்பதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுவேன். இந்த வீட்டில் மூன்று வருஷம் தொடர்ந்து வேலை பார்க்க முடிந்தது. அதனால் எது நடந்தது, எது நடக்கவில்லை, எங்கே என் கணக்கே தவறிப்போனது என்று முழுதாக எழுதிவைக்கிறேன்.

முதல் நாள் பார்த்தது

பாத்தி தென்கிழக்கு பார்த்தது. காலை வெயில் இரண்டு மணி வரை கிடைக்கும், அப்புறம் பல நாட்களில் பனிமூட்டம் ஏறிவிடும். ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டாவின் கிழக்குப் பக்கம் என்பதால் தென்மேற்குப் பருவமழை ஊட்டியில் கொட்டும்போது இங்கே தூறலோடு நிற்கும். இங்கே மழை என்றால் அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதுதான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறைய வேலை இருக்கிறது இதற்கு.

பாத்தியில் மூன்று வகை சால்வியா இருந்தன. மூன்றும் மூன்று காரணத்தால் தோற்றிருந்தன.

முதலாவது அந்த நாற்பது தொட்டிச் செடிகள். நம் ஊர் நர்சரிகளில் வெறும் "சால்வியா" என்று கேட்டால் கையில் கொடுக்கும் சிவப்புச் செடி, ஸ்ப்ளென்டென்ஸ். பிரேசிலிலிருந்து வந்தது. இயல்பாக விட்டால் இடுப்புக்கு மேல் வளரக்கூடிய செடியை, பாத்தி அலங்காரத்துக்காக ஒரு அடிக்குள் அடங்குகிற மாதிரி வளர்ப்பாளர்கள் குட்டையாக்கியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் பற்றி எரிவது போலப் பூக்கும். ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு தெரியும். 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய அந்தப் பூங்காவில், காட்சி நாளுக்குச் சரியாகப் பூக்கவேண்டும் என்று மாதக்கணக்கில் பின்னோக்கி எண்ணி நாற்று விடுகிறார்கள். அது ஒரு திருவிழாவுக்கான ஏற்பாடு. அதே செடியை முழுப் பூவோடு மே மாதம் வாங்கி வந்தால், அதன் நல்ல காலத்தில் பாதியை நர்சரியிலேயே கழித்துவிட்டு வந்திருக்கும். வாடிய கதிரைக் கிள்ளியிருந்தால் இன்னொரு சுற்று வந்திருக்கும். யாரும் கிள்ளவில்லை.

இரண்டாவது, இணையத்தில் விதை வாங்கி முளைக்கவைத்த நெமரோசா. பாக்கெட்டின் மேலே நீலக் கதிர்கள் ஈட்டி மாதிரி நிற்கும் படம். பாத்தியிலோ தரையோடு ஒட்டிய இலைக்கொத்து எட்டு, அவ்வளவுதான். ஒன்றரை வருஷமாக அப்படியே இருக்கிறதாம். "உரம் பத்தலையோன்னு கோழி எரு போட்டேன்" என்றார். இலை இன்னும் கொழுத்திருந்தது, பூ இல்லை.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு வருத்தமாகிவிட்டது. மைக்ரோஃபில்லா புதர்கள் ஐந்து, நன்றாக வேர் பிடித்த பழைய செடிகள். முழங்காலுக்குக் கீழே கட்டையாக வெட்டப்பட்டு, மூன்று காய்ந்துபோய் நின்றன. இரண்டில் மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் தளிர். வெட்டியவர் வீட்டு வேலைக்கு வரும் அண்ணன், முப்பது வருஷம் தேயிலை எஸ்டேட்டில் கவாத்து வெட்டியவர். அவர் கத்தி போட்ட இடம் சீராக, சாய்வாக, ஒரு நார்கூடக் கிழியாமல் இருந்தது. தேயிலைக்கு அது அற்புதமான கவாத்து.

படத்தில் இல்லாத தகவல்

சால்வியா என்பது ஒரு செடியின் பெயர் இல்லை, ஒரு பெரிய கூட்டம். சுமார் ஆயிரம் இனங்கள் உண்டு. துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாக இருக்கும். உதடு பிளந்த மாதிரிப் பூவும் குடும்ப அடையாளம்தான். இப்போது கடைகளில் விற்கும் சியா விதை ஒரு சால்வியா. தாவரவியலார் ரோஸ்மேரியைக்கூட இந்தப் பேரினத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

இவ்வளவு பெரிய கூட்டத்தில் "நீண்ட நாள் பூக்கும்" என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால், எந்த ஊரில் என்பதுதான் என் முதல் கேள்வி. நெமரோசா நடு ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆசியா வரை இயல்பாக வளரும் செடி. கடும் குளிரில் தூங்கி, கோடையின் நீண்ட பகலில் எழுந்து பூத்துப் பழகியது. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். கோத்தகிரி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றரை டிகிரியில். இங்கே வருஷத்தின் மிக நீளமான பகல் சுமார் 12 மணி 45 நிமிடம், மிகக் குறைந்தது சுமார் பதினொன்றரை மணி. அந்தச் செடிக்கு இங்கே குளிர்காலமும் வருவதில்லை, அது எதிர்பார்க்கும் கோடையும் வருவதில்லை. 'கரடோனா' மாதிரி ஐரோப்பியத் தோட்டங்களில் கொண்டாடப்படும் ரகங்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். மலைமேல் குளிராகத்தானே இருக்கிறது, இங்கிலாந்துச் செடி வரும் என்று நினைப்பது நீலகிரியில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கும் பழக்கம். குளிர் ஓரளவு ஒத்துப்போகலாம், பகலின் நீளம் ஒத்துப்போகாது.

ஆகவே ஐரோப்பாவை விட்டுவிட்டு மெக்சிகோ மலைகளையும் தென் அமெரிக்காவையும் பார்த்தோம். மெக்சிகோவின் மேட்டு நிலம் உயரத்திலும் இரவுக் குளிரிலும் நமக்குக் கொஞ்சம் உறவு. ஆனால் அங்கே மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. பூக்கிற காலம் காய்ந்த காலம். இங்கே அது தலைகீழ்.

இன்னொரு அளவுகோலும் வைத்துக்கொண்டேன்: விதை பிடிக்காத செடியா? ஒரு செடிக்குப் பூப்பதன் நோக்கமே விதை. அது கிடைத்துவிட்டால் பூவை நிறுத்திவிட்டு விதையை வளர்க்கப் போய்விடும். விதை பிடிக்காத கலப்பினம் விடாமல் பூத்துக்கொண்டே இருக்கும். பாவம்தான், ஆனால் நமக்கு லாபம்.

இடையில் ஒரு சிறு விவகாரம். ஆசிரியையின் மகள் லண்டனில் இருக்கிறார். அர்ஜென்டினாவில் ரோலாண்டோ ஊரியா கண்டெடுத்த 'அமிஸ்டாட்' என்ற ரகம், கருத்த புல்லியும் (பூவின் அடியுறை) கரு ஊதாப் பூவுமாக அங்கே வீட்டுக்கு வீடு நிற்கிறதாம். விடுமுறைக்கு வரும்போது நான்கு தண்டு பையில் போட்டுக் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 2003ஆம் வருஷத்துத் தாவரத் தடுப்புக் காப்பு ஆணைப்படி, வெளிநாட்டிலிருந்து செடியோ தண்டோ கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சட்டம் கிடக்கட்டும். இந்த மலைகள் ஏற்கெனவே உண்ணிச்செடியையும் சீகை மரத்தையும் யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுவந்ததால் படும் பாடு போதாதா? ஆசிரியை உடனே புரிந்துகொண்டார். மகளுக்குக் கொஞ்சம் கோபம்.

தேர்ந்தெடுத்தவை

மலையிலேயே கிடைப்பவற்றில் மூன்றை முக்கியமாக எடுத்தோம்.

லூகாந்தா: வெல்வெட் தடவின மாதிரி ஊதாக் கதிர். உண்மையில் பூ வெள்ளை, ஊதாவாகத் தெரிவது புல்லி. பூ உதிர்ந்த பிறகும் புல்லி நிறத்தோடு பல வாரம் நிற்பதால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் செடி பூத்துக்கொண்டே இருப்பது போல் தோன்றும். விருந்தினர் வீட்டுக்கு இந்த ஏமாற்று போதும். இந்தப் பக்கத்துப் பழைய தோட்டங்களில் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. யாராவது வேலியோரம் வைத்திருப்பார்கள், கேட்டால் தண்டு தருவார்கள்.

'இண்டிகோ ஸ்பையர்ஸ்': கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் தாவரவியல் தோட்டத்தில் 1970களில் தானாகக் கலந்து முளைத்தது. ஃபரினேசியா, லாங்கிஸ்பிகேட்டா என்ற இரண்டு சால்வியாக்கள் பெற்றோர். விதை பிடிக்காது. கதிர் ஒரு முழம்கூட நீளும், நீள நீளப் பாம்பு மாதிரி வளையும். குன்னூரில் ஒரு பழைய பங்களாத் தோட்டத்திலிருந்து தண்டு கிடைத்தது.

மைக்ரோஃபில்லா: சிற்றிலைப் புதர். இதில் 'ஹாட் லிப்ஸ்' பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே செடியில் முழுச் சிவப்பு, முழு வெள்ளை, வெள்ளையில் சிவப்பு உதடு என்று மூன்றும் வரும். வெயிலும் குளிரும் மாற மாற விகிதம் மாறும். ஆசிரியைக்கு அது பிடிக்கவில்லை. "லிப்ஸ்டிக் போட்ட மாதிரி இருக்கு, வேண்டாம்" என்றார். சாதாரண இளஞ்சிவப்பையே வைத்தோம். உயிர் பிழைத்த அந்த இரண்டு கட்டைகளும் அதுதான்.

இடைவெளிகளை நிரப்ப ஃபரினேசியா, விதையிலிருந்து. காக்சீனியாவையும் யோசித்தோம். சிவப்பு, தேன்சிட்டு விரும்பும், வெயில் தாங்கும், தானே விதை சிந்தி முளைக்கும். அந்தக் கடைசிக் குணத்துக்காகவே வேண்டாம் என்று விட்டோம். வீட்டுக்குப் பின்னால் ஓடை, அதை ஒட்டிச் சோலைக்காட்டின் மிச்சம். உலகின் பல வெப்பநாடுகளில் தோட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்ட செடியை அங்கே கொண்டுவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. கோயம்புத்தூரில் மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர் கேட்டால், முதலில் அதைத்தான் சொல்வேன். கீழே சமவெளி வெயிலில் லூகாந்தாவோடு மல்லுக்கட்டுவதைவிட காக்சீனியாவும் ஃபரினேசியாவும் நூறு மடங்கு மேல்.

மண்

தேயிலைக்குப் பிடித்த மண் சால்வியாவுக்குப் பிடிக்காது. தேயிலை pH 4.5 முதல் 5.5 வரையிலான அமிலத் தன்மையில் சுகமாக இருக்கும். சால்வியாக்கள் ஆறுக்கு மேல், ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால் சந்தோஷப்படும். இந்தப் பாத்தி ஒரு காலத்தில் தேயிலை நின்ற இடம். சதுர மீட்டருக்கு 200 கிராம் கணக்கில் டோலமைட் தூவிக் கொத்திவிட்டோம். பாத்தி சுமார் 15 சதுர மீட்டர், மொத்தம் மூன்று கிலோ. விறகடுப்புச் சாம்பலும் கொஞ்சம். இரண்டும் அமிலத்தைக் குறைப்பவை என்பதால் சாம்பலை அள்ளிக் கொட்டவில்லை.

கோழி எருவை நிறுத்தச் சொன்னதுதான் ஆசிரியைக்கு ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. தழைச்சத்து கூடினால் சால்வியா இலையாகக் கொழுக்கும், தண்டு நீர் கோத்துச் சாயும், பூ தள்ளிப்போகும். நன்றாக மட்கிய சாணி எரு, வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு விரல் கனம், அவ்வளவுதான். பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, ஓரத்தில் கல் வைத்தோம். ஆகஸ்ட் மாதம் நட்டோம். பின்வரிசையில் மூன்றடிக்கு ஒன்றாக லூகாந்தா ஆறு, இண்டிகோ நான்கு. முன்வரிசையில் மைக்ரோஃபில்லா ஒன்பது. நடுவில் ஆங்காங்கே ஃபரினேசியா. நட்ட அன்று பார்க்கப் பரிதாபமாக இருந்தது, மொட்டைத் தலையில் முடி முளைத்த மாதிரி. நெருக்கி வைக்கச் சொல்லி ஆசிரியை கெஞ்சினார். மறுத்தேன். அந்த மறுப்பு சரி என்று அடுத்த வருஷம் தெரிந்தது.

தவறு நான் செய்தது வேறு இடத்தில். பாத்தியின் கீழ்க்கோடியில் கூரைத் தண்ணீர் வந்து விழும் என்பதைக் கவனிக்கவில்லை. ஆகஸ்டில் கவனிக்க வாய்ப்பில்லை, ஆனால் கேட்டிருக்கலாம். நவம்பரில் ஒரே வாரம் விடாமல் பெய்ததில் அந்த மூலையிலிருந்த இரண்டு லூகாந்தாவும் ஒரு இண்டிகோவும் அடித்தண்டு கறுத்து அழுகிப்போயின. மற்ற லூகாந்தாக்கள் முதல் பூங்கதிரோடு மழையில் நனைந்து, பாரம் தாங்காமல் வண்டிப் பாதையில் படுத்துவிட்டன. மெக்சிகோவில் காய்ந்த காற்றில் பூக்கிற செடிக்கு, பூத்த நேரத்தில் மழை என்றால் வேறென்ன செய்யும்? அதன் வெல்வெட்தான் அதற்கு வினை. பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது.

அடுத்த வருஷம் இதற்கு இரண்டு வேலை செய்தோம். ஜூன் தொடங்கி ஜூலை நடு வரை, நுனி ஒரு சாண் வளரும்போதெல்லாம் கிள்ளிவிட்டோம். செடி குட்டையாகக் கிளைத்தது. செப்டம்பரிலேயே மூங்கில் குச்சி நட்டு, சணல் கயிற்றால் இடுப்பளவில் ஒரு சுற்று. கூரைத் தண்ணீருக்குக் குழாய் போட்டுத் திருப்பிவிட்டோம். அந்த வருஷமும் சாய்ந்தன, ஆனால் பாதையை மறிக்கவில்லை.

கத்தி

இந்த ஆய்வில் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்பேன்.

அண்ணனோடு உட்கார்ந்து பேசியபோதுதான் மூன்று மைக்ரோஃபில்லா ஏன் செத்தன என்று இருவருக்கும் புரிந்தது. தேயிலையைக் கட்டை வரை வெட்டினாலும், பழைய மரத்தில் தூங்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். நூறு வருஷம் அப்படி வெட்டி வாழவைக்கிறார்கள். மைக்ரோஃபில்லாவின் பழைய கட்டையில் அந்த மாதிரி மொட்டு எல்லா இடத்திலும் இருக்காது. இலை இருக்கும் இடத்துக்குக் கீழே கத்தி போனால் சீட்டுக்குலுக்கல்தான். லூகாந்தா இதற்கு நேர் எதிர். அதன் உயிர் தரையில் இருக்கிறது. பழைய தண்டு முழுவதையும் தரையோடு அறுத்துவிட்டால் வேரிலிருந்து புதுத் தண்டு கூட்டமாகக் கிளம்பும். அறுக்காமல் விட்டால்தான் கெடும். பழைய தண்டின் நுனியில் நோஞ்சான் கதிர் வந்து, செடி நடுவில் பிளந்து விழும்.

"அப்போ இது கரும்பு, அது தேயிலை இல்ல" என்றார் அண்ணன். லூகாந்தாவைக் கரும்பு என்றும், மைக்ரோஃபில்லாவை "முடிவெட்டு" என்றும் பெயர் வைத்துவிட்டார். கரும்பை அறுப்பது, மற்றதற்கு முடிவெட்டுவது. அதற்குமேல் அவருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முடிவெட்டு என்றால் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, இலை மிஞ்சும்படி. வருஷத்துக்கு மூன்று முறை. ஒன்பது செடிகளையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக, இடைவெளி விட்டு வெட்டினோம். வெட்டியது ஐந்தாறு வாரத்தில் மறுபடி பூவுக்கு வரும், அதுவரை பக்கத்துச் செடி பூத்திருக்கும். இது அழகாக வேலை செய்தது. இண்டிகோவில் இன்னும் சுலபம். கதிரின் கீழ்ப்பாதி காலியானதும் அந்தக் கதிரை மட்டும், கீழே தெரியும் பக்கத் துளிருக்கு மேலே வெட்டினால் போதும்.

இந்த வெற்றி என் தலைக்கேறிவிட்டது. லூகாந்தாவையும் இதே மாதிரி இரண்டு பாதியாகப் பிரித்து வெட்டினால் வருஷம் முழுக்க ஊதா நிற்குமே என்று கணக்குப் போட்டேன். அழுகியதற்குப் பதில் நட்டதையும் சேர்த்து ஆறு செடி. மூன்றை ஜனவரிக் கடைசியில் தரையோடு அறுத்தோம், மூன்றை மார்ச் கடைசியில். முதல் மூன்று மே, ஜூனில் பூக்கும் என்று ஆசிரியைக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன்.

மே வந்தது. இடுப்பளவு பச்சை. ஜூன், இன்னும் பச்சை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு கதிர், கண்துடைப்புக்கு. ஆகஸ்ட் கடைசியில் ஜனவரிச் செடிகள் மொட்டு வைத்தன, செப்டம்பர் பாதிக்குள் மார்ச் செடிகளும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டன. இரண்டு மாத இடைவெளி விட்டு அறுத்தவை, பூக்கும்போது மூன்று வாரம்கூடப் பிந்தவில்லை.

காரணம் நான் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த அதே பாடம்தான். லூகாந்தா பகல் குறையும்போது பூக்கும் செடி. நம் ஊரில் பகல் ரொம்ப நீள்வதில்லை என்றாலும், மார்ச் முதல் செப்டம்பர் வரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல்தான் இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரமே அதற்குப் போதும். நெமரோசாவைப் பகல் நீளம் தெரியாமல் வாங்கியதற்காக ஆசிரியையிடம் அரை மணி நேரம் வகுப்பெடுத்தவன், லூகாந்தாவில் அதையே மறந்துவிட்டு நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர்கள் அப்படிப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு.

ஜனவரியில் வெட்டியதால் நஷ்டமும் ஆனது. வெட்டாமல் விட்ட மூன்றும் மார்ச் வரை ஊதாவாக நின்றன. வெட்டியவற்றின் இரண்டு மாதப் பூவை நானே அறுத்து எறிந்திருக்கிறேன். இங்கிலாந்தில் உறைபனி வந்து லூகாந்தாவின் பூவைப் பறித்துக்கொள்ளும் என்று பரிதாபப்படுவேன். இந்த வீட்டுப் பாத்தியில் அப்படிக் கருக்கும் பனி விழுவதில்லை. பனிக்குப் பதில் நான். அந்த வருஷத்திலிருந்து ஆறையும் ஒரே நாளில், மார்ச் கடைசியில் அறுக்கிறோம். தண்ணீர் பஞ்ச காலத்தில் செடிக்கு இலையே குறைவாக இருப்பதும் நல்லதாகப் போயிற்று.

வந்து போனவர்கள்

மார்ச், ஏப்ரலில் இலையடியில் வெள்ளை ஈயும் செஞ்சிலந்தியும் வரும். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு, மாலையில் இலையின் கீழ்ப்பக்கம் படும்படி. நவம்பரில் நத்தை. டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான்.

காட்டுமாடு பற்றி எல்லாரும் கேட்பார்கள். இரவில் அடிக்கடி வரும். இந்த வீட்டில் ரோஜாத் தளிரை மேய்ந்திருக்கிறது, சால்வியாவை இதுவரை வாய் வைக்கவில்லை. இலையைக் கசக்கினால் வரும் காட்டமான வாசனை காரணமாக இருக்கலாம். ஆனால் தின்னாத செடியைக் காட்டுமாடு சுற்றிக்கொண்டு போகும் என்று நினைக்கக் கூடாது. இரண்டாம் வருஷம் ஒன்று நேராக நடந்து போனதில் ஃபரினேசியா முழுக்கத் தரையோடு தரை.

தேன்சிட்டுகள் மைக்ரோஃபில்லாவுக்குத்தான் அதிகம் வரும். அமெரிக்காவில் சிவப்புச் சால்வியாக்கள் ஓசனிச்சிட்டுக்காக (ஹம்மிங்பேர்ட்) உருவானவை. அது அந்தரத்தில் நின்று குடிக்கும். நம் தேன்சிட்டுக்குப் பெரும்பாலும் உட்கார இடம் வேண்டும். மெல்லிய தண்டில் உட்கார்ந்து ஊஞ்சல் ஆடித் தவிப்பதைப் பார்த்து, அண்ணன் பாத்தியில் நான்கு காய்ந்த கொய்யாக் குச்சிகளை நட்டார். இப்போது அதில் உட்கார்ந்துதான் குடிக்கின்றன. கருவண்டு வேறு ரகம். முன்வாசலில் வராமல் பூக்குழலின் அடியைக் கீறித் தேனை எடுத்துக்கொண்டு போய்விடும். மகரந்தத்துக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

முன்வாசல் வழியாக வரும் தேனீக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தால், ஃபரினேசியா பூவின் வாய்க்குள் ஈர்க்குச்சியை மெல்ல நுழைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு நெம்புகோல் இருக்கிறது. கீழே அழுத்தியதும் மேலே ஒளிந்திருக்கும் மகரந்தப் பை ஏற்றச்சால் மாதிரி இறங்கிக் குச்சியின் முதுகில் தொடும். ஜெர்மனியில் ஸ்ப்ரெங்கல் 1793லேயே இதை எழுதியிருக்கிறார். ஆசிரியையின் பேரன் அன்று பாத்தியை விட்டு எழுந்திருக்கவில்லை. எத்தனை பூ சேதம் என்று நான் எண்ணவில்லை.

மூன்றாம் வருஷக் கணக்கு

மைக்ரோஃபில்லா வருஷம் முழுக்க, கூடியும் குறைந்தும். கடும் மழையில் நவம்பரில் மட்டும் சோர்ந்தது. இண்டிகோ பிப்ரவரி முதல் அக்டோபர் வரை விடாமல், மழை வந்ததும் அழுக்கேறி, தை பிறந்ததும் அரையளவு வெட்டினால் மறுபடி. லூகாந்தா செப்டம்பர் முதல் மார்ச் வரை. ஃபரினேசியாவை ஒவ்வொரு வருஷமும் விதைத்துக்கொண்டிருப்பது சலித்துவிட்டது. பழைய செடியையே பாதியாக வெட்டி இரண்டாம் வருஷமும் வைத்தோம், பூ சற்றுச் சிறியது, பரவாயில்லை. நெமரோசா எட்டையும் ஆசிரியை பிடுங்க விடவில்லை. பின்பக்கம் கிணற்றடியில் இலைக்கொத்தாகவே இருக்கின்றன.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பின்வரிசையில் லூகாந்தா நிற்கும் ஆறு இடமும் வெறும் பச்சை. அதை நான் சரிசெய்யவில்லை. அங்கே வேறு ஏதாவது செருகலாமா என்று கேட்டேன். "பச்சையும் இருக்கட்டுமே" என்று ஆசிரியை சொல்லிவிட்டார். நாற்பது தொட்டி வாங்கியவர்தான்.

தண்டு வைப்பது இப்போது அண்ணன் பொறுப்பு. பூ வைக்காத நுனியாகப் பார்த்து விரல் நீளத்துக்கு வெட்டி, கணுவுக்குக் கீழே சீவி, அடி இலைகளைக் களைந்து, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, மணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவு கலந்த பையில் குத்துகிறார். மேலே பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் மூன்று வாரத்தில் வேர். விருந்தினர் கேட்டால் ஆளுக்கு ஒரு பை கொடுத்து அனுப்புகிறார்கள். சமவெளிக்குப் போகிறவர்களிடம் லூகாந்தாவைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்பதில்லை.

சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. மார்ச் கடைசித் தாளில் சிவப்பு மையில் "கரும்பு" என்றும், நடுவே ஆங்காங்கே "முடிவெட்டு, ஒற்றை", "முடிவெட்டு, இரட்டை" என்றும் அண்ணன் எழுதிவைத்திருக்கிறார். வந்து தங்கும் விருந்தினர் சிலர் அது என்ன என்று கேட்பதுண்டாம்.